உங்கள் உணர்வு நுண்ணறிவை நீங்களே அளந்து வளர்த்துக்கொள்வது எப்படி

இணையத்தில் கிடைக்கும் ஈ.க்யூ. (உணர்வு நுண்ணறிவு) டெஸ்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “மற்றவர்களின் மனநிலையை என்னால் எளிதில் புரிந்துகொள்ள முடியும்” என்று ஒரு வாக்கியம் வரும். அதற்கு ஒன்று முதல் ஐந்து வரை நீங்களே மதிப்பெண் போட வேண்டும். இந்த முறையில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. எதிரில் இருப்பவர் முகம் வாடியதைக் கவனிக்காதவருக்கு, தான் கவனிக்கவில்லை என்பதும் தெரியாது. அவர் தயங்காமல் ஐந்து போடுவார். நன்றாகக் கவனிப்பவருக்குத் தான் தவறவிட்டதும் நினைவில் இருக்கும். அவர் மூன்றோடு நிறுத்திக்கொள்வார்.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. மார்க் பிராக்கெட்டும் சக ஆய்வாளர்களும் 2006-இல், மக்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணையும் திறன் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணையும் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் இருந்த தொடர்பு மிகவும் பலவீனமானது. 2014-இல் ஷெல்டன், டன்னிங், ஏம்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கீழ்மட்டத்தில் இருந்தவர்களே தங்களை மிக அதிகமாக மதிப்பிட்டிருந்தார்கள். உண்மையான மதிப்பெண்ணைக் காட்டியபோது தேர்வையே குறை சொல்லும் போக்கும் அவர்களிடம்தான் அதிகம் இருந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் சுயமதிப்பெண் கிடையாது. முதல் இரண்டு வாரம் பதிவு செய்கிறீர்கள். பிறகு மூன்று மாதம், பலவீனமான ஒரே ஒரு இடத்தில் பயிற்சி. கடைசியில் அதே பதிவை மறுபடி எடுத்து ஒப்பிடுகிறீர்கள். முழுக்க ஓடும் விதி ஒன்றுதான்: உணர்வைப் பற்றி எந்த ஊகம் செய்தாலும், அது உங்களுடையதோ பிறருடையதோ, அதைச் சரிபார்க்க ஒரு வழி வைத்திருக்க வேண்டும்.

எதை அளக்கிறோம்

உணர்வு நுண்ணறிவு என்ற கருத்துக்கு 1990-இல் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் ஆய்வுக் கட்டுரை வழியாக வரையறை கொடுத்தார்கள். 1997-இல் அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள். உணர்வை அடையாளம் காண்பது முதலாவது. இதில் தன் உணர்வும் அடக்கம், பிறர் உணர்வும் அடக்கம். அந்த உணர்வைச் சிந்தனைக்குத் துணையாகப் பயன்படுத்துவது அடுத்தது. அது எதனால் வந்தது, விட்டால் எதுவாக மாறும் என்று புரிந்துகொள்வது மூன்றாவது. கையாள்வது நான்காவது.

இனிமையாகப் பழகுவது, தன்னம்பிக்கை, எதையும் நல்லவிதமாக எடுத்துக்கொள்ளும் சுபாவம் ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை. எல்லோருக்கும் பிடித்த மனிதர், பக்கத்தில் இருப்பவர் புண்பட்டதைக் கொஞ்சமும் உணராதவராக இருக்கலாம். அதிகம் பேசாத ஒருவர் மிகத் துல்லியமாகக் கவனிப்பவராக இருக்கலாம். சுபாவத்தையும் திறனையும் குழப்பிக்கொண்டால் எதைப் பயிற்சி செய்வது என்றே தெரியாமல் போகும்.

“வாழ்க்கை வெற்றியில் 80 சதவீதம் உணர்வு நுண்ணறிவுதான்” என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை. டேனியல் கோல்மன் 1995-இல் எழுதிய நூலில், வெற்றிக்கு ஐ.க்யூ.வின் பங்கு அதிகபட்சம் 20 சதவீதம் என்று இருந்தது. குடும்பச் சூழல், வாய்ப்பு, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்த மீதி 80-ஐயும் ஈ.க்யூ. கணக்கில் எழுதிவிட்டார்கள். இந்தத் திறன் பயனுள்ளது என்று சொல்ல மிகைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை.

முதல் வாரம்: உங்கள் உணர்வின் பதிவேடு

சட்டைப் பையில் அடங்கும் நோட்டு, அல்லது போனில் ஒரு குறிப்புப் பக்கம் போதும். ஒரு நாளைக்கு மூன்று அலாரம் வையுங்கள். நேரம் ஒழுங்கில்லாமல் இருக்கட்டும். காலை 10.40, பிற்பகல் 3.15, இரவு 8.50 என்பது போல. அலாரம் அடித்தால், அந்த நேரத்தில் என்ன உணர்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். இடையில் ஏதாவது உணர்வு பத்துக்கு ஆறுக்கு மேல் போனால் அதையும் எழுதுங்கள். வெடித்த நேரங்களை மட்டும் எழுதினால் நோட்டு முழுக்கக் கோபமாகத்தான் இருக்கும், அலாரம் அதற்காகத்தான். ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும். இரவு உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் நினைவு எல்லாவற்றையும் நியாயப்படுத்தி, ஒழுங்காக்கி வைத்திருக்கும்.

ஒரு பதிவு இப்படி இருக்க வேண்டும்:

*மாலை 5.20. அறிக்கையைப் பற்றி மேலாளர் குழுவில் போட்ட செய்தி: “இதை யார் பார்த்தது?” உடலில்: காது சூடு, தாடை இறுக்கம், மூச்சு மேலோட்டம். சொல்: ‘கோபம்’ என்று எழுதி அடித்துவிட்டு ‘அவமானம்’. அளவு 7. செய்தது: உடனே நான்கு வரி விளக்கம் தட்டி அனுப்பியது. பாதியாகக் குறைந்த நேரம்: மாலை 6.45.*

இதில் “மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேவலப்படுத்தினார்” என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். கேமராவில் பதிவாகக்கூடியது மட்டுமே நிகழ்வுப் பகுதியில் வர வேண்டும். ‘யார் பார்த்தது’ என்பது பதிவாகும். ‘கேவலப்படுத்தினார்’ என்பது பதிவாகாது. அது நீங்கள் கொடுத்த பொருள். இந்தப் பிரிப்பைச் செய்யப் பழகுவதிலேயே முதல் வாரத்தின் பாதிப் பயன் கிடைத்துவிடும்.

பலரும் தடுமாறும் இடம் ‘சொல்’ பகுதி. “என்னை யாரும் மதிக்கவில்லை”, “அவன் வேண்டுமென்றே செய்கிறான்” என்பவை உணர்வுகள் அல்ல, பிறரைப் பற்றிய தீர்ப்புகள். ‘என்று நினைக்கிறேன்’ என்பதைப் பின்னால் சேர்த்தால் வாக்கியம் பொருந்துகிறதா? அப்படியானால் அது எண்ணம். அதற்கு அடியில் உள்ள உணர்வு வேறு ஏதோ, அதைத் தேடுங்கள்.

வாரக் கடைசியில் இருபது, இருபத்தைந்து பதிவுகள் சேர்ந்திருக்கும். அவற்றிலிருந்து மூன்று எண்களை எடுங்கள். விரும்பத்தகாத உணர்வுகளுக்கு எத்தனை வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்? ‘டென்ஷன்’, ‘கடுப்பு’, ‘ஒரு மாதிரி’ இந்த மூன்றே சுற்றிச் சுற்றி வந்தால் அடையாளம் காண்பதில்தான் வேலை இருக்கிறது. இரண்டாவது: எதையாவது சொல்வதற்கோ செய்வதற்கோ முன்பே உடலில் வந்த அறிகுறியை எத்தனை தடவை கவனித்தீர்கள், செய்து முடித்த பிறகு எத்தனை தடவை? மூன்றாவது: ஆறுக்கு மேல் போன உணர்வு பாதியாகக் குறையச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆனது? இந்த மூன்றையும் தேதியோடு முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பதிவுகளை நேரவாரியாகவும் ஒருமுறை பாருங்கள். உங்கள் 7, 8, 9 எல்லாம் தூக்கம் குறைந்த மறுநாளிலோ, சாப்பாடு தள்ளிப்போன மாலையிலோ குவிந்திருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். 2007-இல் வெளியான ஒரு மூளைப் படப் பதிவு ஆய்வில், ஏறத்தாழ 35 மணி நேரம் தூங்காதவர்களின் அமிக்டாலா (அச்சம் போன்ற உணர்வுகளுக்கு எதிர்வினை காட்டும் மூளைப் பகுதி), தூங்கியவர்களோடு ஒப்பிடும்போது சுமார் 60 சதவீதம் அதிகமாகத் தூண்டப்பட்டது. தூக்கக் குறைவைச் சுபாவக் கோளாறு என்று எண்ணி மாதக்கணக்கில் பயிற்சி செய்வது வீண் உழைப்பு.

இரண்டாம் வாரம்: பிறரைப் பற்றிய உங்கள் ஊகங்கள்

இந்த வாரத்தில் பத்து ஊகங்கள் எழுதி, பத்தையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். வீட்டில் ஒருவர், நண்பர் ஒருவர், வேலையிடத்தில் நெருங்கிப் பழகும் ஒருவர் என மூன்று பேரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: “இந்த வாரம் அப்பப்போ உங்ககிட்ட ஒரு கேள்வி கேப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க.”

கேட்பதற்கு முன் எழுதிவிட வேண்டும். அதில் சமரசம் வேண்டாம். அவர் என்ன உணர்ந்தார் என்று ஒரு சொல், பத்துக்கு எவ்வளவு, உங்கள் ஊகத்தின் மேல் உங்களுக்கு எத்தனை சதவீதம் உறுதி. எழுதாமல் கேட்டால், பதில் வந்தவுடன் “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்று மனம் சொல்லிவிடும்.

“எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்” என்றுதான் பதில் வரும். குறிப்பிட்ட தருணத்தைச் சுட்டிக் கேளுங்கள்: “கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தப்போ உங்க மனசுல என்ன ஓடுச்சு?” உங்கள் ஊகத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள். “கோபமா இருந்தீங்களா?” என்று கேட்டால் பாதிப் பேர் பேச்சை முடிப்பதற்காகவே ஆமாம் என்பார்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம். கேலி செய்வது போல இருக்கும்.

பத்தில் எத்தனை சரி என்பது முக்கியம்தான். ஆனால் தவறியவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது அதைவிட முக்கியம். அமைதியாக இருப்பவரைப் பார்த்தால் எப்போதும் ‘என்மேல் கோபம்’ என்றே எழுதியிருக்கிறீர்களா? உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் தலையாட்டியதையெல்லாம் ‘சம்மதம்’ என்று குறித்திருக்கிறீர்களா? 90 சதவீதம் உறுதி என்று எழுதியவை, 50 என்று எழுதியவற்றைவிட அதிகம் சரியாக வந்தனவா? வரவில்லையென்றால் உங்கள் உறுதி எதையும் காட்டவில்லை என்று பொருள். இனி உறுதியாகத் தோன்றும்போதுதான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும்.

‘அவர் இடத்தில் நின்று யோசித்துப் பார்’ என்ற அறிவுரை இங்கே போதாது. 2018-இல் தால் எயால், மேரி ஸ்டெஃபெல், நிக்கலஸ் எப்ளே ஆகியோர் 25 பரிசோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். பிறர் இடத்தில் தன்னை வைத்து யோசித்தவர்களின் ஊகம் கூடுதல் துல்லியம் பெறவில்லை. நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டபோதுதான் துல்லியம் கூடியது. அப்படி யோசிப்பதால் வேறு நன்மைகள் உண்டு, இரக்கம் கூடலாம். அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரிய வராது.

இதே வாரத்தில் நான்கைந்து பேரிடம் உங்களைப் பற்றியும் கேளுங்கள். மேலே இருப்பவர், சமமானவர், உங்களுக்குக் கட்டுப்பட்டவர், வீட்டில் இருப்பவர் எனக் கலந்து இருக்கட்டும். “நான் எப்படிப்பட்ட ஆள்?” என்ற கேள்வி பாராட்டைத்தான் கொண்டுவரும். கீழே உள்ளவை போலக் கேட்டால் தகவல் வரும்:

“எனக்குக் கோபம் வந்தா உங்களுக்கு முதல்ல எதுல தெரியுது?”
“எந்த விஷயத்தை என்கிட்ட சொல்ல யோசிப்பீங்க?”
“நீங்க பேசும்போது நான் கவனிக்கலைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

பதில் வரும்போது விளக்கம் சொல்லாதீர்கள். ஒரே ஒரு “அது ஏன்னா...” போதும்; அதன்பின் அந்த மனிதர் உங்களிடம் உண்மை பேச மாட்டார். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டு நன்றி சொல்லி நிறுத்துங்கள். உங்களுக்குக் கட்டுப்பட்டவர் சொல்வது மென்மையாக்கப்பட்டுத்தான் வரும். அவர் “சில சமயம் கொஞ்சம் வேகமா பேசுவீங்க” என்றால், இன்னும் இரண்டு மடங்கு கடுமையாக எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

முறையான தேர்வு எழுத விரும்பினால் மேயர், சலோவே, கருசோ மூவரும் உருவாக்கிய எம்.எஸ்.சி.இ.ஐ.டி. தேர்வின் 2002 பதிப்பு பலரும் அறிந்தது. எட்டுப் பகுதிகள், 141 கேள்விகள். முகப் படங்களைப் பார்த்து உணர்வைச் சொல்வது, ஒரு சூழலில் எந்தச் செயல் பலன் தரும் என்று கணிப்பது போன்றவை இருக்கும். இதில் சரியான விடை என்பது பெரும்பான்மையோர் அல்லது நிபுணர்கள் சொன்ன விடையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே வேறொரு பண்பாட்டில் வளர்ந்தவருக்கு மதிப்பெண் குறைந்தால், அது முழுக்க அவருடைய குறை என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலானவர்களுக்கு மேலே சொன்ன இரண்டு வாரப் பதிவே போதும், அதுதான் செய்ய வேண்டியதையும் காட்டுகிறது.

எங்கிருந்து தொடங்குவது

நான்கு திறன்களையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். சொற்கள் நான்கைந்துக்குக் கீழே இருந்தால், அல்லது உடல் அறிகுறியை எப்போதும் பிந்தித்தான் கவனிக்கிறீர்கள் என்றால், பெயரிடும் பயிற்சியில் தொடங்குங்கள். சொற்கள் நிறைய இருந்தும் பாதியாகக் குறைய மணிக்கணக்கில் ஆகிறது, செய்தவை வருந்தும்படி இருக்கின்றன என்றால் கையாளும் பயிற்சி. இவை இரண்டும் பரவாயில்லை, ஊகங்கள்தான் தவறுகின்றன என்றால் கேட்கும் பயிற்சி. இரண்டு இடத்தில் பலவீனம் என்றால் பெயரிடுவதுதான் முதலில். பெயர் தெரியாத உணர்வைக் கையாள முயல்பவர்கள் கடைசியில் அதை அமுக்குவதில்தான் போய் நிற்கிறார்கள்.

பெயரிடுதல்

அலாரம் அடிக்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது இதமாக இருக்கிறதா, இதமற்றதா? உடலில் வேகம் அதிகமா, குறைவா? உணர்வுகளை இந்த இரு அச்சுகளில் வைத்துப் பார்க்கும் முறையை ஜேம்ஸ் ரஸல் 1980-இல் வகுத்தார். இதமற்றது, வேகம் அதிகம் என்றால் ஆத்திரம், எரிச்சல், பதற்றம், அச்சம், பொறாமை, தவிப்பு பக்கம் தேடுங்கள். இதமற்றது, வேகம் குறைவு என்றால் சோர்வு, சலிப்பு, விரக்தி, ஏக்கம், கையறுநிலை. இதமானது, வேகம் அதிகம் என்றால் பூரிப்பு, உற்சாகம், ஆவல், பெருமிதம். இதமானது, வேகம் குறைவு என்றால் நிம்மதி, நிறைவு, நெகிழ்ச்சி. எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தபின் சொல்லைத் தேடுவது எளிது.

சொல் துல்லியமாக இருந்தால் அடுத்து செய்ய வேண்டியதும் தெளிவாகிவிடும். மனத்தாங்கல் என்றால் அந்த நபரிடம் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பொறாமை என்றால் உங்களுக்கு வேண்டியது எது என்று அது காட்டிக்கொடுக்கிறது. குற்றவுணர்வு என்றால் மன்னிப்புக் கேட்கவோ சரிசெய்யவோ ஏதாவது இருக்கும். வெறும் ‘கடுப்பு’ என்று எழுதினால் இதில் எதுவும் தெரியாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்கள் நான்கு நான்காகத் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை: இகழப்படுதல், இழத்தல், இருந்த நிலையிலிருந்து தாழ்தல், இல்லாமை. மனம் கனக்கும்போது இந்த நான்கில் எது என்று கேட்டுப் பாருங்கள். இழப்புக்கு வேண்டிய ஆறுதல் வேறு, இகழ்ச்சிக்கு வேண்டிய பதில் வேறு.

பெயரிடுவதே உணர்வின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2007-இல் மாத்யூ லீபர்மன் குழு செய்த ஆய்வில், முகப் படங்களில் தெரிந்த உணர்வுக்குச் சொல் கொடுத்தபோது பார்த்தவர்களின் அமிக்டாலா செயல்பாடு குறைந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. “எனக்கு ஏன் இப்படி ஆகிறது?” என்று அரை மணி நேரம் எழுதிக்கொண்டே போவது பெயரிடுதல் அல்ல, அசைபோடுவது. அது மனச்சோர்வை நீட்டிக்கும். ஒரு பதிவுக்கு இரண்டு நிமிடம் என்று வையுங்கள். ‘ஏன்’ என்ற கேள்வியை ‘என்ன’ என்று மாற்றுங்கள்: என்ன நடந்தது, உடலில் என்ன, இப்போது எனக்கு என்ன வேண்டும்.

கையாளுதல்

‘கோபத்தை அடக்கு’ என்றுதான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஐந்து வழிகளில் அதுதான் கடைசி, விலையும் அதிகம். ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் கொடுத்த விளக்கத்தின்படி ஒரு உணர்வு உருவாகும் பாதையில் தலையிட ஐந்து இடங்கள் உள்ளன: எந்தச் சூழலுக்குள் போகிறோம், போன சூழலை எப்படி மாற்றுகிறோம், அதில் எதைக் கவனிக்கிறோம், அதற்கு என்ன பொருள் கொடுக்கிறோம், எழுந்துவிட்ட உணர்வின் வெளிப்பாட்டை என்ன செய்கிறோம். பாதையில் எவ்வளவு முன்னால் தலையிடுகிறீர்களோ அவ்வளவு குறைந்த சிரமம்.

வெளிப்பாட்டை மட்டும் அமுக்கும்போது என்ன நடக்கிறது? முகத்தில் எதுவும் தெரியாது. உள்ளே அனுபவிக்கும் கசப்பு குறையாது. உடலின் பரபரப்பு கூடும். அமுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிரில் இருப்பவர் சொன்னது நினைவில் நிற்பதும் குறைகிறது. எமிலி பட்லரும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் உணர்வை அமுக்கிக்கொண்டு பேசியபோது அவரோடு பேசிக்கொண்டிருந்தவரின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. அதேநேரம் ‘கொட்டித் தீர்த்துவிடு’ என்பதும் சரியல்ல. பிராட் புஷ்மன் 2002-இல் காட்டியபடி, கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம் குறையவில்லை, கூடியது.

ஆகவே உங்கள் பதிவேட்டில் அளவு 7-க்கு மேல் போன நிகழ்வுகளில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றை மட்டும் எடுங்கள். மேலே கண்ட குழுச் செய்தியையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

சூழலைத் தேர்வது: மாலை 5 மணிக்கு மேல் குழுச் செய்திகளின் அறிவிப்பை நிறுத்தலாம், களைத்திருக்கும் நேரம் அது. சூழலை மாற்றுவது: அறிக்கையை அனுப்பும்போதே யார் யார் பார்த்தார்கள் என்று முதல் வரியில் எழுதிவிடலாம், அந்தக் கேள்வியே எழாது. கவனத்தைத் திருப்புவது: செய்தியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து வரலாம். பொருளை மாற்றுவது: “குறை சொல்கிறார்” என்பதோடு கூட வேறு இரண்டு சாத்தியங்களையாவது எழுதலாம். யாரிடம் சந்தேகம் கேட்பது என்று தெரியாமல் கேட்டிருக்கலாம். பாராட்டவே கேட்டிருக்கலாம். அவற்றை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே விளக்கம்தான் உண்டு என்ற பிடி தளர்ந்தால் போதும்.

பொருளை மாற்றிப் பார்ப்பதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தக் கூடாது. உங்களை ஒருவர் தொடர்ந்து மிரட்டுகிறார், ஏமாற்றுகிறார் என்றால் ‘அவருக்கு என்ன கஷ்டமோ’ என்று நல்ல பொருள் தேடுவது உங்களுக்குத்தான் தீங்கு. அங்கே கோபம் சரியான தகவலைத் தருகிறது. மாற்ற வேண்டியது சூழலை. மாற்ற முடியாத சூழலுக்கும், உண்மையிலேயே பொருள் தெளிவற்ற நிகழ்வுக்கும்தான் இந்த வழி.

தேர்ந்த வழியை ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவில் எழுதுங்கள். பீட்டர் கோல்விட்ஸர் 1999-இல் தொகுத்துக் காட்டியது போல, “இனிப் பொறுமையாக இருப்பேன்” என்ற பொது உறுதியைவிட இந்த வடிவம் நன்றாக வேலை செய்கிறது. முதல் பாதியில் உங்கள் பதிவேட்டில் கண்ட உடல் அறிகுறியை வையுங்கள்: “குழுச் செய்தியைப் படித்ததும் காது சூடானால், போனைக் கவிழ்த்துவிட்டு எழுந்து நிற்பேன்.” இரண்டாம் பாதி பத்து நொடிக்குள் தொடங்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். ‘கோபப்பட மாட்டேன்’ என்று எழுதினால் அது செயல் அல்ல, வேலை செய்யாது.

அளவு ஏற்கெனவே 8-ஐத் தொட்டுவிட்டால் யோசனை எடுபடாது. உடலிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். எண்ணிக்கை ஒரு நொடிக்கு ஒன்று. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூன்று முதல் ஐந்து நிமிடம் செய்யுங்கள். நெஞ்சு நிறைய இழுக்கத் தேவையில்லை. மிக ஆழமாக இழுத்தால் தலை சுற்றும். மெதுவாக விடுவதுதான் இதில் முக்கியம்.

வாக்குவாதத்தில் என்றால் விலகிவிடுங்கள், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டு: “எனக்கு இப்போ சரியா பேச வராது. அரை மணி நேரத்துல வர்றேன், பேசுவோம்.” நேரம் சொல்லாமல் எழுந்து போனால் எதிரில் இருப்பவருக்கு அது அவமதிப்பாகத்தான் தெரியும். இருபது நிமிடத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள்; உடல் தணிய அவ்வளவாவது ஆகும். அந்த நேரத்தில் அடுத்து என்ன பதிலடி கொடுப்பது என்று ஒத்திகை பார்த்தால் இடைவெளியே எடுக்காததற்குச் சமம். அந்த ஒத்திகை தானாக ஓடினால், உங்கள் பெயரைச் சொல்லி, வேறொருவரிடம் கேட்பது போலக் கேட்டுப் பாருங்கள்: “இப்போ உனக்கு என்ன வேணும்?” ஈதன் கிராஸ் குழு 2014-இல் வெளியிட்ட பரிசோதனைகளில், ‘நான்’ என்பதற்குப் பதில் தன் பெயரால் தன்னோடு பேசியவர்கள் அழுத்தமான சூழலை நன்றாகச் சமாளித்தார்கள்.

கேட்டல்

பிறர் பேசும்போது “எனக்குப் புரியுது” என்று சொல்வதை மூன்று மாதத்துக்கு நிறுத்திவையுங்கள். அதற்குப் பதில், புரிந்துகொண்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லி, சரியா என்று கேளுங்கள்: “வேலை அதிகம்ங்கறதைவிட, யாரும் கேட்கலைங்கறதுதான் உங்களுக்கு வருத்தம். சரியா சொல்றேனா?” தவறாக இருந்தால் அவரே திருத்துவார், அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு வேண்டியது. அவர் ‘ஆமா’ என்று சொல்லும் வரை தீர்வு எதையும் சொல்லாதீர்கள். சீக்கிரம் தீர்வு சொல்வது, பேச்சை முடிக்கத்தான் பலருக்கும் பயன்படுகிறது.

கைகட்டி நின்றால் எதிர்ப்பு, கண்ணைப் பார்க்காவிட்டால் பொய் என்பது போன்ற குறிப்புகளை விட்டுவிடுங்கள். குளிரில் கைகட்டுகிறவர்கள் உண்டு, மரியாதைக்காகப் பார்வையைத் தாழ்த்துகிறவர்கள் உண்டு. ஒருவருடைய வழக்கமான நிலையிலிருந்து என்ன மாறியது என்பதே அடையாளம். எப்போதும் கலகலப்பாக இருப்பவர் இரண்டு நாளாகச் சுருக்கமாகப் பதில் சொன்னால், அதைக் கேட்கலாம்.

எழுத்துச் செய்தியில் உணர்வைப் படிப்பதில் நம் எல்லோருக்குமே நம்பிக்கை அதிகம், திறமை குறைவு. மின்னஞ்சலில் கிண்டலை எழுதியவர்கள் வாசிப்பவருக்கு அது புரியும் என்று உறுதியாக நம்பியதையும், வாசித்தவர்கள் ஏறக்குறைய குத்துமதிப்பாகவே சொன்னதையும் 2005-இல் ஜஸ்டின் க்ரூகர் குழு காட்டியது. செய்தி அளவு 6-க்கு மேல் உங்களைத் தொட்டால், எழுத்தில் பதில் சொல்லாமல் அழைத்துப் பேசுங்கள்.

உணர்வைச் சிந்தனைக்குப் பயன்படுத்தும் திறனுக்குத் தனிப் பயிற்சி பெரிதாகத் தேவைப்படாது. மனம் லேசாக இருக்கும்போது புது யோசனைகளுக்கும், சற்று அடங்கி இருக்கும்போது பிழை தேடும் வேலைக்கும் உட்காருங்கள். பெரிய முடிவுக்கு முன், இப்போதைய மனநிலைக்கும் இந்த முடிவுக்கும் தொடர்பு உண்டா என்று கேளுங்கள். காலையில் வீட்டில் வந்த சண்டை மாலையில் ஒருவரின் வேலை விண்ணப்பத்தை நிராகரிக்கக் காரணமாகிவிடக் கூடாது.

எப்போது தனியாகச் செய்யக் கூடாது

எத்தனை வாரம் முயன்றும் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்றே எழுத வருகிறதா? உணர்வை உணர்ந்து சொல்வதில் உள்ள இந்தச் சிரமத்தை அலெக்ஸிதைமியா என்பார்கள். உளவியலாளர்கள் அதை மதிப்பிட 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அது உங்கள் குறை அல்ல, ஆனால் துணையோடு பயிற்சி செய்வதே பலன் தரும். பதிவு எழுதத் தொடங்கியபின் தூக்கம் கெடுகிறது, பழைய கொடுமையான நினைவுகள் வந்து அலைக்கழிக்கின்றன, இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை என்றால் நோட்டை மூடிவிட்டு மனநல நிபுணரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்; நம்பும் ஒருவரிடம் அப்போதே சொல்லி, அன்றே உதவி பெறுங்கள்.

மூன்று மாதம் கழித்து

முதல் இரண்டு மூன்று வாரத்தில் நிலைமை மோசமானது போலத் தோன்றும். நோட்டில் கசப்பான சொற்கள் கூடும். முன்பு கவனிக்காமல் போனவை இப்போது பதிவாகின்றன, அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக எவ்வளவு நாள் ஆகும் என்று ஃபிலிப்பா லாலி குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. எனவே பலரும் சொல்லும் 21 நாளில் மாறவில்லை என்று கலங்க வேண்டாம்.

பன்னிரண்டாம் வாரம் முடிந்ததும் அதே ஏழு நாள் பதிவை, அதே மூன்று அலாரத்தோடு எடுங்கள். முதல் பக்கத்து எண்களுக்கு அருகில் புதியவற்றை எழுதுங்கள். உணர்வின் உச்ச அளவு பெரிதாகக் குறைந்திருக்காது, அதைக் குறைப்பது நோக்கமும் அல்ல. பாதியாகக் குறையும் நேரம்தான் முதலில் சுருங்கும். அதன்பின் உடல் அறிகுறியைச் செயலுக்கு முன் கவனித்த எண்ணிக்கை ஏறும். இரண்டும் அசையவில்லை என்றால் நீங்கள் எழுதிய ‘நடந்தால் செய்வேன்’ வாக்கியத்தைத் திருத்துங்கள். பெரும்பாலும் அறிகுறி பிந்தியதாக இருக்கும், அல்லது செயல் பெரிதாக இருக்கும்.

பிறரிடமும் மறுபடி கேளுங்கள், ஆனால் “நான் மாறியிருக்கேனா?” என்று கேட்காதீர்கள், உங்கள் முயற்சி தெரிந்தவர்கள் மனம் நோகாதபடி ஆமாம் என்றுதான் சொல்வார்கள். முதலில் கேட்ட அதே மூன்று கேள்விகளை அதே ஆட்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதைப் பழைய பதிலுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். “எந்த விஷயத்தை என்கிட்ட சொல்ல யோசிப்பீங்க?” என்பதற்கு இந்தத் தடவை புதிதாக ஒன்று வந்தால், அது பின்னடைவு அல்ல. முன்பு அதை உங்களிடம் சொல்லவே யோசித்திருக்கிறார்கள். அடுத்த மூன்று மாதத்துக்கான வேலையை அந்தப் பதிலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.